செட்டிநாட்டில் நெட்வொர்க் பேக்ஹால்: சொந்த ரேடியோ லிங்கா, பிராட்பேண்டா?

ஆத்தங்குடியில் டைல்ஸ் பட்டறை, காரைக்குடியில் ஷோரூம். கானாடுகாத்தானில் பழைய வீட்டை எடுத்து நடத்தும் ஹோட்டல், அதன் கணக்கு அலுவலகம் காரைக்குடியில். தேவகோட்டையில் ஒரு கிளினிக், நாலு தெரு தள்ளி அதன் லேப். இப்படி இரண்டு இடம் வைத்திருக்கும் எல்லோருக்கும் ஒரு நாள் இந்தக் கேள்வி வரும். இரண்டுக்கும் நடுவில் மொட்டை மாடிக்கு மொட்டை மாடி டிஷ் வைத்து நாமே மைக்ரோவேவ் லிங்க் (ரேடியோ அலையில் ஓடும் இணைப்பு) போட்டுக்கொள்வதா? இல்லை, இரண்டு பக்கமும் பிராட்பேண்ட் வாங்கி அதன் மேலேயே ஓட்டிக்கொள்வதா? இந்த நடு இணைப்புக்குத்தான் நெட்வொர்க் வேலையில் பேக்ஹால் என்று பெயர்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இணையத்துக்குப் போவதுதான் தேவை என்றால் பிராட்பேண்ட் வாங்குங்கள். உங்கள் இரண்டு கட்டடங்களும் ஓயாமல், நிறையப் பேசிக்கொள்ள வேண்டும் என்றால் ரேடியோவைப் பற்றி யோசியுங்கள். எதை எடுத்தாலும், அது பழுதானால் யார் போய்ச் சரிசெய்வது என்பதை வேகத்துக்கு முன்னால் கேளுங்கள். கீழே வரும் படிகளை இந்த வரிசையிலேயே செய்தால் வீண் செலவு குறையும்.

முதல் படி: பிரச்சினை பேக்ஹாலில்தானா என்று பாருங்கள்

"நெட் மெதுவாக இருக்கிறது, டவர் போடலாமா?" என்று கேட்பவர்களில் பாதிப் பேருக்கு மேல் பிரச்சினை வீட்டுக்குள்ளேயே இருக்கும். செட்டிநாட்டு வீடு ஒரு தெருவில் வாசல் தொடங்கி அடுத்த தெருவில் கொல்லைப்புறம் முடியும். சுவர்கள் கனமானவை. முகப்பில் வைத்த ரவுட்டரின் வைஃபை பட்டாலையைத் தாண்டி இரண்டாம் கட்டுக்கு வருவதற்குள் தேய்ந்துவிடும். மோடத்தில் நேராக லேப்டாப்பைக் கேபிளில் செருகி வேகத்தை அளந்து பாருங்கள். அங்கே முழு வேகம் வந்தால், உங்களுக்கு வேண்டியது உள்ளே வைஃபை பரப்பும் இரண்டு மூன்று ஆக்சஸ் பாயிண்ட்தான். நெட்வொர்க் கேபிளுக்கு 100 மீட்டர்தான் கணக்கு. முகப்பிலிருந்து கொல்லை வரை சுற்றி வளைத்து இழுத்தால் சில வீடுகளில் அதைத் தாண்டிவிடும். அங்கே உள்ளுக்குள்ளேயே பைபர் இழுத்துவிடுங்கள்.

இரண்டு கட்டடமும் ஒரே தெருவில், ஒரே காம்பவுண்டில் இருந்தாலும் பைபர்தான் முதல் தேர்வு. தெருவைக் குறுக்கே கடப்பதற்கு உள்ளாட்சி அனுமதி, கம்பத்தில் கட்டுவதற்கு மின்வாரிய அனுமதி எல்லாம் வேண்டும். அது கிடைக்காத இடத்தில்தான் ரேடியோ.

இரண்டாம் படி: எவ்வளவு போகும் என்று எழுதிப் பாருங்கள்

ஒரு தாளில் இரண்டு கட்டடத்துக்கும் நடுவே என்னவெல்லாம் போகும் என்று எழுதுங்கள். டேலி, பில்லிங், இன்டர்காம் போன் எல்லாம் சேர்ந்தும் சில எம்பிபிஎஸ்தான். கணக்கையே மாற்றுவது கேமரா. ஒரு கேமராவுக்கு 3 எம்பிபிஎஸ் என்று வையுங்கள். எட்டுக் கேமரா 24 எம்பிபிஎஸ். பார்க்கச் சின்னதாக இருக்கும். ஆனால் இரவு பகல் நிற்காமல் ஓடினால் 30 நாளில் சுமார் 7.8 டிபி, அதாவது 7800 ஜிபி. பல பிராட்பேண்ட் திட்டங்களில் 'அன்லிமிடெட்' என்று எழுதியிருந்தாலும் மாதம் 3300 ஜிபி அளவில் ஒரு வரம்பு உண்டு. அதைத் தாண்டினால் வேகத்தைக் குறைத்துவிடுவார்கள். பன்னிரண்டு, பதின்மூன்று தேதிக்குள் வரம்பு முடிந்துவிடும்.

இங்கே இரண்டு வழி. கேமரா பதிவை அந்தந்தக் கட்டடத்திலேயே வைத்துவிட்டு, வேண்டும்போது மட்டும் பார்ப்பது ஒன்று. மலிவான வழி, பெரும்பாலானவர்களுக்கு இதுவே போதும். பதிவு கட்டாயம் இன்னொரு இடத்தில் இருந்தே ஆக வேண்டும் என்றால் சொந்த லிங்க். உங்கள் ரேடியோவில் எத்தனை டிபி போனாலும் கேட்க ஆளில்லை.

மூன்றாம் படி: ஊரில் இருக்கும் பிராட்பேண்டை விசாரியுங்கள்

விளம்பரத்தில் போட்டிருக்கும் வேகத்தை விட்டுவிடுங்கள். பைபர் வீட்டு இணைப்பு பெரும்பாலும் ஜிபான் முறையில் வருகிறது. கீழிறங்கும் பக்கம் 2.5 ஜிபிபிஎஸ், மேலேறும் பக்கம் 1.25 ஜிபிபிஎஸ். இதை 32 வீடு, 64 வீடு என்று பிரித்துத் தருகிறார்கள். சாயங்காலம் ஏழு மணிக்குத் தெருவே படம் பார்க்கும்போது என்ன ஆகிறது என்பதை அந்தத் தெருக்காரர்தான் சொல்வார். பக்கத்துக் கடையில் கேளுங்கள்: ஐப்பசி, கார்த்திகையில் எத்தனை நாள் நின்றது? நின்றால் யார் வருவார்? வர எவ்வளவு நேரம் ஆகும்?

அப்புறம் கேபிள்காரரிடம் மூன்று கேள்வி. உங்கள் ஓஎல்டி பெட்டி (பைபரைப் பல வீட்டுக்கும் அனுப்பும் தலைமைப் பெட்டி) எந்த ஊரில் இருக்கிறது? கரன்ட் போனால் அதற்கு எத்தனை மணி நேரம் பேட்டரி? காரைக்குடியிலிருந்து இங்கே பைபர் வரும் பாதை ஒன்றா, இரண்டா? மாதாந்திரப் பராமரிப்பு என்று காலையிலிருந்து சாயங்காலம் வரை மின்தடை வரும் நாளில், உங்களிடம் ஜெனரேட்டர் இருந்தும் அவரிடம் பேட்டரி தீர்ந்தால் நெட் இருக்காது. நல்ல கேபிள்காரர் இந்தக் கேள்விகளுக்குக் கோபப்பட மாட்டார். என் அனுபவத்தில், ஊரிலேயே இருந்து போன் எடுக்கும் ஒரு கேபிள்காரர் பெரிய நிறுவனத்தின் டோல் ஃப்ரீ எண்ணைவிட மேல்.

பைபர் அறுவதற்குப் பெரும்பாலும் காரணம் ஜேசிபி. ரோடு அகலப்படுத்துவது, குடிநீர்க் குழாய் பதிப்பது என்று பள்ளம் தோண்டும்போது போய்விடும். தோண்டுவதற்கு முன் கேபிள்காரர்களுக்குத் தகவல் போகட்டும் என்று 2023 மார்ச்சில் மத்திய அரசு ஒரு செயலியே வெளியிட்டது. ஆனாலும் அறுகிறது. இதனால்தான் இரண்டு நிறுவனத்திடம் இரண்டு இணைப்பு வாங்கும்போது இரண்டும் ஒரே கம்பத்தில் தொங்கி வருகிறதா என்று தெருவில் நடந்து பார்க்கச் சொல்கிறேன். தலா 99 சதவீதம் நிற்கும் இரண்டு இணைப்பு உண்மையிலேயே தனித்தனிப் பாதையில் வந்தால், சேர்த்து 99.99 சதவீதம். வருடத்துக்கு ஒரு மணி நேரம்கூட நிற்காது. ஒரே கம்பத்தில் வந்தால் அந்தக் கணக்கு செல்லாது.

இரண்டு பக்கமும் பிராட்பேண்ட் வைத்து நடுவில் விபிஎன் (இணையத்தின் மேலேயே இரண்டு இடத்தையும் இணைக்கும் தனிப் பாதை) ஓட்டுவதென்றால் ஒரு பக்கமாவது பொது ஐபி, அதாவது இணையத்தில் உங்களுக்கென்றே ஒரு முகவரி வேண்டும். சும்மா வாங்கும் இணைப்பில் பல வாடிக்கையாளருக்கு ஒரே ஐபியைப் பகிர்ந்துதான் தருகிறார்கள். ரவுட்டரில் தெரியும் வெளி முகவரி 100.64 முதல் 100.127 வரை ஏதாவதொன்றில் தொடங்கினால் அதுதான் அடையாளம். வெளியிலிருந்து உள்ளே வர முடியாது. கொஞ்சம் கூடுதலாகக் கட்டி நிலையான ஐபி வாங்கிக்கொள்ளுங்கள். வயர்கார்ட் என்ற விபிஎன் மென்பொருளைப் போட்டால் எம்டியூவை (ஒரு தகவல் பொட்டலத்தின் அதிகபட்ச அளவு) 1420 என்று வைத்துத் தொடங்குங்கள். 'பிங் (எதிர்முனை பதில் தருகிறதா என்று பார்க்கும் சின்னச் சோதனை) போகிறது, பக்கம் திறக்கவில்லை' என்ற தலைவலிக்குப் பெரும்பாலும் இந்த எண்தான் காரணம். இரண்டு பக்கமும் வேறு வேறு நிறுவனம் என்றால், காரைக்குடியிலிருந்து கானாடுகாத்தானுக்குப் போகும் தகவல் சென்னை வரை போய்த் திரும்பலாம். பில்லிங்குக்கு அது பெரிய விஷயமில்லை.

நான்காம் படி: ரேடியோ என்றால் பாதையைப் பாருங்கள்

இதற்குத்தான் அதிக நேரம் கொடுக்க வேண்டும். ரேடியோவை ஒரு நாளில் வாங்கலாம், பாதையை வாங்க முடியாது.

ஒரு மாடியில் நின்று அடுத்த மாடி கண்ணுக்குத் தெரிந்தால் போதும் என்று நினைப்பார்கள். போதாது. இரண்டு டிஷ்ஷுக்கும் நடுவில் அலை ஒரு மெல்லிய கோடாகப் போவதில்லை. நடுவில் பருத்து, இரண்டு முனையிலும் சிறுத்துப் போகிறது. அந்தப் பருத்த இடத்துக்கு பிரெனல் மண்டலம் என்று பெயர். நடுப்பாதையில் அதன் ஆரத்தைக் கண்டுபிடிக்க எளிய கணக்கு உண்டு: கிலோமீட்டரில் உள்ள தூரத்தை கிகாஹெர்ட்ஸில் உள்ள அலைவரிசையால் வகுத்து, வர்க்கமூலம் எடுத்து, 8.66-ஆல் பெருக்குங்கள். விடை மீட்டரில் வரும். அதில் 60 சதவீதமாவது தடையில்லாமல் இருக்க வேண்டும்.

காரைக்குடிக்கும் கானாடுகாத்தானுக்கும் நேர்கோட்டில் பத்துக் கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூட. பத்து என்றே வைத்து 5.8 கிகாஹெர்ட்ஸில் போட்டுப் பாருங்கள். ஆரம் 11.4 மீட்டர். அதில் 60 சதவீதம் ஏறக்குறைய 7 மீட்டர். பூமியின் வளைவுக்கு நடுவில் ஒன்றரை மீட்டர். வழியில் 15 மீட்டர் உயரத்தில் தைலமரத் தோப்பு இருந்தால், அலையின் நடுக்கோடு தரையிலிருந்து 23.5 மீட்டர் மேலே போக வேண்டும். இரண்டு பக்கமும் தரைமட்டம் ஒன்று என்று கொண்டால் இரண்டு டிஷ்ஷும் 77 அடி உயரத்தில் இருக்க வேண்டும். இரண்டு மாடி வீட்டின் உச்சி 40 அடி வந்தாலே அதிகம். மிச்சத்துக்கு மாஸ்ட், அதாவது உயரமான கம்பம். நூறு வருஷத்து வீட்டின் மேல் அவ்வளவு உயர மாஸ்ட்டைக் கம்பி கட்டி நிறுத்துவதை நான் பரிந்துரைக்கவே மாட்டேன். தரையிலிருந்து டவர் எழுப்ப வேண்டும். அந்தச் செலவோடு ஒப்பிட்டால் ரேடியோவின் விலை ஒன்றுமே இல்லை.

அதே கணக்கை மூன்று கிலோமீட்டருக்குப் போடுங்கள். ஆரம் 6.2 மீட்டர், அறுபது சதவீதம் 3.7 மீட்டர், பூமி வளைவு கணக்கிலேயே வராது. வழியில் பெரிய மரம் இல்லாவிட்டால் சாதாரண மாடியும் சின்னக் குழாயும் போதும். அதனால்தான் மூன்று நான்கு கிலோமீட்டருக்குள் ரேடியோ தைரியமாகப் போடலாம் என்றும், பத்தைத் தொட்டால் டவர் செலவையும் சேர்த்துப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள் என்றும் சொல்கிறேன்.

தைலமரத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். இந்தப் பக்கம் ரோட்டோரமெல்லாம் தைலமரக் காடு. வெட்டிய வருஷம் பார்த்தால் பாதை வெட்டவெளி. நாலைந்து வருஷத்தில் அதே இடம் லிங்க்கை மறைத்துவிடும். சர்வே போகும்போது மரம் இன்றைக்கு எவ்வளவு உயரம் என்பதோடு, எப்போது வெட்டினார்கள், அடுத்து எப்போது வெட்டுவார்கள் என்றும் பக்கத்தில் இருப்பவர்களைக் கேளுங்கள். தென்னைக்கும் பனைக்கும் மேலே இன்னும் சில மீட்டர் விட்டுக் கணக்கிடுங்கள்.

அடுத்தது கண்மாய். பாதைக்குக் கீழே பெரிய கண்மாய் இருந்தால் கவனம். சித்திரையில் வறண்டு கிடக்கும்போது லிங்க் போட்டால் பிரமாதமாக ஓடும். கார்த்திகையில் நிரம்பியதும் தண்ணீர்ப் பரப்பு கண்ணாடி போல அலையைத் திருப்பி அனுப்பும். நேராக வரும் அலையும் பட்டுத் திரும்பிய அலையும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு சிக்னல் ஏறி இறங்கும். மழை நின்ற பிறகும் சரியாகாததால் ரேடியோ பழுது என்று மாற்றுவார்கள், புதிய ரேடியோவும் அப்படியே இருக்கும். டிஷ்ஷை ஒரு மீட்டர் ஏற்றியோ இறக்கியோ பாருங்கள். மாடியின் கைப்பிடிச் சுவரிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி வைத்தால், தண்ணீரிலிருந்து வரும் அலையைச் சுவரே மறைத்துவிடுவதும் உண்டு. கோடையில் சர்வே செய்தால் வழியில் உள்ள கண்மாய்களை வரைபடத்தில் குறித்துவையுங்கள்.

மழையைப் பற்றி எல்லோரும் பயப்படுகிறார்கள். 5 கிகாஹெர்ட்ஸில் அவ்வளவு பயம் வேண்டாம். கொட்டும் மழையிலும் கிலோமீட்டருக்கு ஒரு டெசிபெல் (சிக்னல் ஏறுவதையும் இறங்குவதையும் அளக்கும் அலகு) அளவில்தான் இழப்பு. 18 கிகாஹெர்ட்ஸுக்குப் போனால், மணிக்கு 100 மில்லிமீட்டர் வேகத்தில் பெய்யும் மழையில் கிலோமீட்டருக்குப் பத்து டெசிபெல் போகும். 60 கிகாஹெர்ட்ஸில் மழையே இல்லாதபோதும் காற்றிலுள்ள ஆக்சிஜன் கிலோமீட்டருக்கு 15 டெசிபெல் வரை தின்றுவிடும்.

சிக்னல் எவ்வளவு வரும் என்பதையும் போடுவதற்கு முன்பே கணக்கிடலாம். பத்துக் கிலோமீட்டரில் 5.8 கிகாஹெர்ட்ஸ் அலை வெட்டவெளியிலேயே ஏறக்குறைய 128 டெசிபெல் இழக்கும். அனுப்பும் பக்கம் ஆன்டெனாவோடு சேர்த்து 36 டிபிஎம் (சிக்னலின் சக்தியைச் சொல்லும் அலகு), வாங்கும் பக்கம் 30 டெசிபெல் கூட்டித் தரும் டிஷ் என்றால், வந்து சேர்வது மைனஸ் 62 டிபிஎம்; மைனஸ் எண் பெரிதாகப் பெரிதாகச் சிக்னல் பலவீனம். நன்றாகவே ஓடும். நிஜத்தில் மைனஸ் 75 வந்தால் டிஷ் சரியாகத் திரும்பவில்லை, அல்லது பாதையில் ஏதோ மறைக்கிறது. கணக்குக்கும் நிஜத்துக்கும் நாலைந்து டெசிபெல்லுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் வேலையை முடித்ததாக நினைக்காதீர்கள்.

'ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும்' என்பார்கள். 30 டெசிபெல் டிஷ்ஷிலிருந்து கிளம்பும் அலை ஐந்து டிகிரி அகலத்துக்குத்தான் விரியும். ஒரு டிகிரி திரும்பினால் பத்துக் கிலோமீட்டருக்கு அப்பால் 175 மீட்டர் விலகும். ஆடிக்கு முன்னால் ஒருமுறை போல்ட்டுகளை இறுக்கிவிடுங்கள். திசை பிடிக்க, எதிர் ஊரில் கோபுரமோ தண்ணீர்த் தொட்டியோ எந்தப் பக்கம் தெரிகிறது என்று குறித்துவைத்தால் பின்னால் உதவும். கோபுரத்தின் மேலேயே டிஷ் வைக்கலாமே என்று யாராவது சொன்னால் அந்தப் பேச்சையே வளர்க்காதீர்கள்.

ஐந்தாம் படி: சாவி யாரிடம் இருக்கிறது?

செட்டிநாட்டில் ரேடியோ லிங்க் விழுவதற்கு நான் அதிகம் பார்க்கும் காரணம் பூட்டிய வீடு. உயரமான மாடி உள்ள வீட்டுக்குப் பங்காளிகள் ஏழெட்டுப் பேர் இருப்பார்கள். ஒருவர் சென்னையில், ஒருவர் சிங்கப்பூரில், ஒரு ஆச்சி மட்டும் ஊரில். ஆச்சி "வச்சுக்கப்பா" என்று சொல்லிவிட்டார் என்று டிஷ் வைப்பார்கள். பொங்கலுக்கு வந்த இன்னொரு பங்காளி "யாரைக் கேட்டு வைத்தீர்கள்" என்பார். அவர் கேட்பதிலும் நியாயம் இருக்கிறது, வீட்டில் அவருக்கும் பங்கு உண்டு. எல்லாப் பங்காளிகளும் சம்மதித்து எழுத்தில் கொடுத்தால் மட்டும் அந்த மாடியை நம்புங்கள். அதில் கரன்ட் யார் கணக்கில், இரவு பத்து மணிக்குப் பழுதானால் யார் கதவு திறப்பார், கல்யாணம், படைப்பு என்று வீட்டில் விசேஷம் நடக்கும் நாளில் மேலே ஏறலாமா என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

சுவரையும் மதியுங்கள். செட்டிநாட்டு ஊர்த்தொகுதி 2014 முதல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் இருக்கிறது. பட்டியலில் இல்லாவிட்டாலும், அந்தச் சுண்ணாம்புப் பூச்சில் டிரில் போட்டு ஆங்கர் அடித்தால் அதைப் பழையபடி பூச இன்று ஆள் கிடைப்பது கஷ்டம். கனமான சட்டத்தில் சிமென்ட் கல் ஏற்றி, துளை போடாமல் நிற்கும் ஸ்டாண்டைத் தளத்தில் வையுங்கள். நாட்டு ஓட்டுக் கூரை மேல் எதையும் வைக்காதீர்கள், ஏறவும் வேண்டாம்.

பிராட்பேண்டில் இந்தத் தொல்லை உங்களுக்கு இல்லை. பழுது தெருவில் என்றால் கேபிள்காரர் பாடு. மாதாமாதம் கட்டும் பணத்தில் ஒரு பங்கு அதற்குத்தான் போகிறது.

ஆறாம் படி: சட்டம்

சுருக்கமாக. 2018 அக்டோபரில் மத்திய அரசு 5150 முதல் 5350 வரையிலும், 5470 முதல் 5875 வரையிலும் உள்ள மெகாஹெர்ட்ஸ் பகுதிகளை உரிமம் இல்லாமல் பயன்படுத்த அனுமதித்தது. வெளியிடும் சக்திக்கு வரம்பு உண்டு. கருவிக்கு டபிள்யூபிசியின் (மத்திய தொலைத்தொடர்புத் துறையில் அலைவரிசைகளைக் கவனிக்கும் பிரிவு) வகை ஒப்புதல் இருக்க வேண்டும், வாங்கும்போதே கேளுங்கள். ரேடியோவின் செட்டிங்கில் நாட்டை இந்தியா என்றே வையுங்கள். உரிமம் இல்லாத அலை என்றால் பாதுகாப்பும் இல்லை. பக்கத்து மாடியில் வேறொருவர் அதே அலைவரிசையில் போட்டால் யாரிடமும் புகார் கொடுக்க முடியாது. காரைக்குடி டவுனுக்குள் ராத்திரி எட்டு மணிக்கு எந்தெந்த அலைவரிசையில் ஏற்கெனவே ஆள் இருக்கிறார்கள் என்று ரேடியோவில் ஒரு ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டு இடம் முடிவு செய்யுங்கள்.

60 கிகாஹெர்ட்ஸ் அந்த 2018 பட்டியலில் இல்லை. ஆன்லைனில் விற்கிறார்கள் என்பதற்காக வாங்கிவிடாதீர்கள். 6, 7, 13, 15, 18, 21 கிகாஹெர்ட்ஸில் செல்போன் நிறுவனங்கள் ஓட்டும் மைக்ரோவேவ் எல்லாம் அரசு ஒதுக்கிக் கொடுக்கும் அலைவரிசை. ஒரு கடைக்கோ ஹோட்டலுக்கோ அந்தப் பக்கம் போகும் தேவை வராது. இன்னொன்று: சொந்த லிங்க்கில் கொண்டுவந்த நெட்டை அக்கம்பக்கத்தில் காசுக்கு விற்றால் அது இணையச் சேவை. அதற்குத் தனி உரிமம் வேண்டும்.

ஏழாம் படி: இடியும் கரன்ட்டும்

உயரத்தில் வைத்த எதுவும் இடியைக் கூப்பிடும். மாஸ்ட்டை எர்த் செய்யுங்கள், ரேடியோவுக்குச் செல்லும் கேபிளில் மேலே ஒன்று, அறைக்குள் நுழையும் இடத்தில் ஒன்று என்று சர்ஜ் ப்ரொடெக்டர் போடுங்கள். அதன் எர்த் வயரும் கட்டடத்தின் எர்த்தும் ஒன்றாக இணைந்திருக்க வேண்டும், இரண்டும் தனித்தனியாக இருந்தால் இடிக்கு அதுவே வழி. நான் சொல்லும் கூடுதல் பாதுகாப்பு: மாடியில் ஒரு சின்னப் பெட்டியில் மீடியா கன்வெர்ட்டர் (செம்புக் கேபிளில் வருவதைப் பைபருக்கு மாற்றும் கருவி) வைத்து, அங்கிருந்து கீழே ரேக் (நெட்வொர்க் கருவிகள் இருக்கும் அலமாரி) வரை பைபர் இழுப்பது. கண்ணாடி இழையில் மின்சாரம் பாயாது. மேலே ரேடியோ போனாலும் கீழே சுவிட்சும் சர்வரும் தப்பும்.

ரேடியோ குறைந்த கரன்ட்டில் ஓடும். இரண்டு பக்கமும் சின்ன யுபிஎஸ் போதும். ரேடியோவும் அதற்குக் கரன்ட் கொடுக்கும் அடாப்டரும் யுபிஎஸ்ஸில், சுவிட்ச் மட்டும் நேர் ஈபி லைனில் என்று விட்டுவிட்டால் பயனில்லை. மூன்றும் ஒரே யுபிஎஸ்ஸில் இருக்கட்டும்.

எட்டாம் படி: முடிவு

கானாடுகாத்தான் ஹோட்டலுக்கு என் பதில் பிராட்பேண்ட். விருந்தினருக்கு வேண்டியது இணையம், அது பைபரில் வாசலுக்கு வருகிறது. இரண்டாவது இணைப்பாக வேறு கம்பத்தில் வரும் ஒன்றையோ, 4ஜி அல்லது 5ஜி ரவுட்டரையோ வையுங்கள். கணக்கு அலுவலகத்துக்கு விபிஎன். பத்துக் கிலோமீட்டருக்கு டவர் எழுப்பும் பணத்தில் பல வருஷம் பில் கட்டலாம்.

தேவகோட்டை கிளினிக்குக்கு ரேடியோ. நாலு தெரு தூரம், இரண்டு மாடியும் சொந்த மாடி, சாவி சொந்தக் கையில். ஸ்கேன் படங்கள் நாளெல்லாம் போய்வரும். ரேடியோ விழுந்தால் தானாக மாறிக்கொள்ள பிராட்பேண்ட் விபிஎன் பின்னால் நிற்கட்டும்.

ஆத்தங்குடிப் பட்டறைக்கு முதலில் பிராட்பேண்ட். அங்கே நன்றாக வந்தால் அதோடு நிறுத்திக்கொள்ளலாம். வரவில்லை என்றால், நல்ல பைபர் கிடைக்கும் பக்கத்து ஊரில் சம்மதம் தரும் ஒரு மாடியைப் பிடித்து, அங்கே உங்கள் பெயரில் இணைப்பு வாங்கி, கடைசி இரண்டு மூன்று கிலோமீட்டரை மட்டும் ரேடியோவில் கொண்டுவாருங்கள். இணைப்பு கொடுப்பவரிடம் இப்படிச் செய்யப் போகிறேன் என்று முன்கூட்டியே சொல்லி, ஒத்துக்கொள்கிறாரா என்று கேட்டுவிடுங்கள். மருத்துவமனை, வங்கி போல நிற்கவே கூடாத இடம் என்றால் லீஸ்டு லைன் (உங்களுக்கு மட்டும் ஒதுக்கித் தரும் இணைப்பு) வாங்குங்கள். விலை பல மடங்கு, ஆனால் இத்தனை மணி நேரத்தில் சரிசெய்வோம் என்று எழுத்தில் தருவார்கள்.

எதை எடுத்தாலும் இரண்டு வாரம் நிற்காமல் பிங் ஓட்டிப் பதிவெடுத்துவிட்டுப் பழைய இணைப்பை நிறுத்துங்கள். ரேடியோ என்றால் போட்ட அன்றைக்கு வந்த சிக்னல் அளவு, டிஷ்ஷின் திசை, உயரம், ஐபி முகவரி, சாவி வைத்திருப்பவரின் போன் எண் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி, லேமினேட் செய்து ரேக் கதவின் உள்பக்கம் ஒட்டிவிடுங்கள். ஆடிக்கு முன் ஒருமுறையும் தீபாவளி மழை தொடங்குவதற்கு முன் ஒருமுறையும் அன்றைய சிக்னலை அந்தத் தாளில் உள்ள எண்ணோடு ஒப்பிட்டு, ஐந்து டெசிபெல்லுக்கு மேல் இறங்கியிருந்தால் மாடிக்கு ஆள் அனுப்புங்கள்.